யாருடைய ஏழு மணி?

போன மாதம் உங்கள் நர்ஸ் பயிற்சி வகுப்பில் நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். இடைவேளையில் ஒரு பிள்ளை கையில் காபியோடு அலுத்துக்கொண்டது என் காதில் விழுந்தது. “எதுக்கு சிஸ்டர் இந்தக் கூத்து? வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்தறதும் தூக்கம் கெடறதும்! வின்டர்லயும் சம்மர் டைமையே வெச்சுட்டா என்ன குடியா முழுகிப்போகும்?”

எல்லாரும் தலையாட்டினீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி வைத்துப் பார்த்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும். டெக்சஸ் முழுக்க அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியபோது, ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் அவர் ஒருத்தர் மட்டும் தள்ளவில்லை. குடி முழுகத்தான் பார்த்தது. முழுக வைக்கப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. அன்று நேரம் போதாமல் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாகர்கோவிலில் படித்து, வளைகுடாவில் சில வருஷம் ஊசி குத்திவிட்டு, ஹூஸ்டனுக்கு வந்து சேர்ந்தவள் நான். ஆஸ்பத்திரி வேலையை விட்டு, நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலைக்கு மாறியிருந்தேன். இடுப்பில் பேஜர், காரின் பின்னால் ஒரு பெட்டி நிறைய பேண்டேஜ். செல்போன் எல்லாம் கிடையாது. எங்கள் ஏஜென்சியில் தமிழ் தெரிந்தவள் நான் மட்டும்தான். தமிழ்ப் பெரியவர்கள் யார் வந்தாலும் என் தலையில் கட்டுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான். நம்ம ஆட்களை என்னைவிட யாருக்குப் புரியும் என்ற நினைப்பு. அந்த நினைப்பு என்னை எங்கே கொண்டு நிறுத்தியது என்று பாருங்கள்.

அந்த அங்கிளுக்கு எழுபது வயது. கோயம்புத்தூர் மில் ஒன்றில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தொழிலாளி எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று குறிப்பதும், ஷிஃப்ட் மாறும்போது சங்கு ஊத வைப்பதும்தான் முப்பத்தைந்து வருஷம் அவர் பார்த்த வேலை. செப்டம்பரில் மகன் செந்தில் வீட்டுக்கு வந்திருந்தார். மகளின் பிரசவத்துக்காக அவர் மனைவி ஊரிலேயே தங்கிவிட்டார். வந்த இடத்தில் அங்கிளுக்குக் காலில் புண். சர்க்கரை நோய் வேறு, ஆறவில்லை. வாரம் இரண்டு நாள் காலையில் போய் நான் கட்டு மாற்றுவேன். இன்சுலினைக் காலையும் மாலையும் அவரே போட்டுக்கொள்வார். காலையில் ஊசி போட்ட கையோடு ரொட்டியையும் அவரே எடுத்துச் சாப்பிட்டுவிடுவார். கை நடுங்காது. மனிதர் அப்படி ஒரு சுத்தம்.

முதல் நாளே நான் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ‘மாலை 7.00 ஊசி. 7.30 சாப்பாடு.’ அவர் போட்ட இன்சுலின், குத்திய அரை மணி நேரத்தில் சோறு உள்ளே போயாக வேண்டிய வகை. தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். வியர்க்கும், நடுங்கும், மூளை குழம்பும். பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்தேன். ஊசி நேரத்தை அவர் எழுதுவார், சாப்பாட்டு நேரத்தை மருமகள் கவிதா எழுதுவாள். ஒவ்வொரு முறையும் அந்த நோட்டைப் பார்த்து உச்சி குளிர்ந்துபோவேன். 7.00, 7.30. 7.00, 7.30. ஒரு நாள் பிசகவில்லை.

நவம்பர் இருபது தாண்டி கவிதா ஒரு காலை, வேலைக்குக் கிளம்பாமல் எனக்காகக் காத்திருந்தாள். சமையலறைக்குள் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“சிஸ்டர், மாமா சரியில்ல. காலைல எல்லாம் நல்லாத்தான் இருக்கார். ஈவினிங் நான் ஆபீஸ்ல இருந்து வந்தா வேற ஆளா இருக்கார். என்னை அத்தை பேர் சொல்லிக் கூப்பிடறார். நேத்து டம்ளரைத் தூக்கி வீசிட்டார். திங்கட்கிழமை வெறுங்காலோட ரோட்ல போய் நின்னுட்டு, ஷிஃப்ட் முடிஞ்சுது, வீட்டுக்குப் போறேங்கறார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் ஆனா எதுவுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கார். எனக்கு பயமா இருக்கு சிஸ்டர்.”

காலையில் தெளிவு, மாலையில் குழப்பம். ஞாபக மறதி நோய் தொடங்கும்போது அப்படி வரும் என்று நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். படித்தது கண்ணை மறைக்கும் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த முறை போனபோது, நோயாளிக்கு ஆள், இடம், நேரம் தெரிகிறதா என்று கேட்டுப் பார்க்கும் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பேர் சொன்னார். மகன் பேர், ஊர் பேர், தெருப் பேர் எல்லாம் சொன்னார். என்ன மாதம் என்றால், “கார்த்திகை பன்னெண்டுங் அம்மிணி” என்றார். அதையும் சரி என்று போட்டுக்கொண்டேன்.

“இப்ப மணி என்ன அங்கிள்?”

கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தார். “பதினொண்ணு பத்துங்.”

என் வாட்ச்சில் பத்து பத்து.

“ஒரு மணி நேரம் கூடச் சொல்றீங்களே?”

“என்ற வாட்ச் தப்பாப் போவாதுங்” என்றார் சுருக்கென்று. அவர் குரலில் ஒரு கோபம் இருந்தது. அந்தக் கோபத்தையும் நோய்க் கணக்கில் சேர்த்தேன். நேரம் தெரியவில்லை, சுட்டிக்காட்டினால் எரிச்சல் என்று எழுதி, மாலைக் குழப்பத்தையும் நானே கண்ணால் பார்த்ததுபோல் எழுதி, டாக்டருக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். ஒரு மாலைகூட நான் அந்த வீட்டுக்குப் போனதில்லை, பிள்ளைகளே. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கவிதா பேஜ் பண்ணினாள். ஒரு நோயாளி வீட்டிலிருந்து கூப்பிட்டேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் அமைதிப்படுத்த ஒரு மாத்திரை எழுதிவிட்டாராம். இன்றைக்கே தொடங்கவேண்டுமாம். அதை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு மறுபடி ஆபீஸ் போகிறாளாம். பகலில் தனியாக விடக்கூடாதாம். “நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், என்ன சிஸ்டர் பண்றது? செந்தில் ஃபிரெண்டு ஒருத்தர் ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறார். அவர்கூட மாமாவை அனுப்பிடலாம்னு டிக்கெட் போட்டாச்சு. மாமாகிட்ட இன்னும் சொல்லல” என்று குரலைத் தாழ்த்தி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நல்லதுதாம்மா” என்றேன்.

அன்று கடைசி நோயாளி பக்கத்து ஊரான சுகர் லேண்டில். முடித்துக் காருக்குள் ஏறினேன். காரின் கடிகாரம் ஆறு பத்து காட்டியது. ஐயோ, இவ்வளவு நேரமா ஆகிவிட்டது என்று பதறி, உடனே சிரித்துக்கொண்டேன். அந்தக் கடிகாரத்தை எந்தப் பட்டனை அமுக்கி மாற்றுவதென்று எனக்குத் தெரியாது. அக்டோபரிலிருந்து மனசுக்குள் ஒன்றைக் கழித்துக்கொண்டுதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆறு பத்து என்றால் ஐந்து பத்து.

சாவியைத் திருகப்போன கை அப்படியே நின்றது. பதினொன்று பத்து என்றால் பத்து பத்து.

மறதிக்காரர் மணியைத் தப்பாகச் சொல்வார். நிமிஷத்தை மட்டும் அச்சுப் பிசகாமல் எப்படிச் சொல்வார்? சரியாக அறுபது நிமிஷம் தப்புகிற மூளை உலகத்தில் உண்டா? அந்த மனிதர் மணியைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவருடைய வாட்ச் இன்னும் கோடையில் இருக்கிறது. அப்படியானால் அந்த நோட்டில் இருக்கிற 7.00 யாருடைய ஏழு? 7.30 யாருடைய ஏழரை? அவர் தன் வாட்ச்சைப் பார்த்து ஏழுக்கு ஊசி போடுகிறார், அதாவது ஊருக்கு ஆறு மணி. கவிதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஏழரைக்குச் சோறு போடுகிறாள். இன்சுலின் உள்ளே போன பிறகு ஒன்றரை மணி நேரம் அந்த மனிதர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார். தினமும்! மாதாவே!

அதற்கு மேல் இன்று அந்த மாத்திரை. சர்க்கரை இறங்கியவர் கத்துவதாலும் டம்ளரை வீசுவதாலும்தான் நாலு பேருக்கு ஏதோ கோளாறு என்றாவது தெரிகிறது. மாத்திரையைக் கொடுத்து அமைதியாக்கிவிட்டால் அமைதியாகவே போய்விடுவார்.

பக்கத்தில் பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனில் பொதுத் தொலைபேசி. மழை தூற ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குப் போட்டேன், மெஷின்தான் பேசியது. தனியாக இருக்கும்போது அவர் போனை எடுப்பதில்லை. கவிதா ஆபீஸில் அவள் கிளம்பிவிட்டாள் என்றார்கள். டாக்டர் ஆபீஸை மூடியாயிற்று, வேறு டாக்டர் பிறகு கூப்பிடுவார் என்றார்கள். கடைசியில் என் சூப்பர்வைசரைப் பிடித்தேன். லூசியானாக்காரப் பெண்மணி, வார்த்தைகளை எண்ணிப் பேசுவார். “நான் எழுதியது தப்பு என்று நினைக்கிறேன்” என்றேன். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். “அப்படியானால் இன்னும் ஏன் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாய்?” என்று போனை வைத்துவிட்டார்.

மழையில் ஃப்ரீவே நகரவே இல்லை. ஸ்டியரிங்கைக் குத்தினேன், செபமாலை சொன்னேன், முன்னால் போன லாரிக்காரனைத் தமிழில் திட்டினேன். நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது ஆறு முப்பத்தைந்து.

அவரே கதவைத் திறந்தார். கன்னத்தில் வியர்வை. வெளியே குளிர். “வாங்” என்றார். என்னை யார் என்று யோசிப்பதுபோல் ஒரு பார்வை.

“ஊசி போட்டீங்களா அங்கிள்?”

“ஏழுக்கே போட்டாச்சுங்.”

நோட்டில் அவர் எழுத்து, 7.00. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் ஏழு ஆகவில்லை. மேஜையில் ஒரு தட்டு, அதில் அந்தப் புது மாத்திரை, பக்கத்தில் தண்ணீர். “கவிதா போன் மிஷின்ல சொல்லி வெச்சிருந்துதுங். மழையாம், வர லேட்டாகுமாம். எட்டு மணிக்கு இதை முழுங்கோணுமாம்” என்றார். அவர் வாட்ச்சில் எட்டாக இருபது நிமிஷம்கூட இல்லை. மாத்திரையை எடுத்து என் பையில் போட்டேன். டாக்டர் எழுதியதை ரத்து செய்ய நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் சந்தேகம் வந்தால் நிறுத்திவைத்துவிட்டுக் கேட்கலாம். அதை மறந்துவிடாதீர்கள்.

விரலில் குத்தி மீட்டரில் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. ஃபிரிட்ஜைத் திறந்து ஆரஞ்சு ஜூஸை ஊற்றி வாயருகே வைத்தேன், குடித்தார். அடுத்தவர் வீட்டு அடுப்படி என்றெல்லாம் பார்க்கவில்லை. இருந்த சோற்றைச் சுடவைத்து, தயிர் ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்தேன். மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேண்டாமுங். புள்ள வேலைக்குப் போயிட்டு மழைல வந்துட்டிருக்குது. அது வராம நான் குந்தித் தின்னுட்டிருப்பனா?”

“அவளை நான் பார்த்துக்கறேன், சாப்பிடுங்க.”

“அதெல்லாம் ஆவாதுங்!” குரல் ஏறியது. கை நடுங்கியது. ஜூஸ் எத்தனை நிமிஷம் தாங்கும்? எனக்கும் கோபம் வந்துவிட்டது. மேஜையை ஒரு தட்டுத் தட்டி, “அங்கிள்! சங்கு ஊதியாச்சு! சாப்பாட்டு நேரம்!” என்று கத்தினேன்.

மனிதர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். நாலு வாய் உள்ளே போன பிறகுதான் நான் சொன்னதன் இன்னொரு அர்த்தம் எனக்கு உறைத்தது. சாகக் கிடக்கிறவரிடம் சங்கு ஊதியாச்சு என்று சொல்கிற நர்ஸ் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அடக்க முடியாமல் சிரித்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. முகம் தெளிந்திருந்தது. “ஏனுங் அம்மிணி, ராத்திரில வந்திருக்கீங்? இன்னைக்குக் கட்டு மாத்தற நாள் இல்லீங்களே?” என்றார். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

“வாட்ச்சை ஏன் அங்கிள் மாத்தல? ஊரோடு ஒத்து வாழணும்னு சொல்லுவாங்களே.”

“எந்த ஊருங்? என்ற ஊரு கோயமுத்தூரு. இதுல ஏழுன்னா அங்க வெடியால அஞ்சரை. நான் ஊசி போடறப்ப அவ எந்திரிச்சு வாசல் தெளிப்பா. இங்க நேரத்த மாத்துனா அவளும் மாத்தியா எந்திரிப்பா? அதுமில்லாம, ஒருக்கா வெச்ச நேரத்துல கை வெச்சா மில்லுல வேலை போயிருமுங்.”

ஏழரைக்குள் கவிதா நனைந்துகொண்டே வந்தாள். நான் சொன்னதைக் கேட்டு, நனைந்த பையைக்கூட இறக்கிவைக்காமல் அவர் பக்கம் திரும்பினாள்.

“மாமா, தினமும் ஒன்றரை மணி நேரம் பசியோடவா உட்கார்ந்திருந்தீங்க? ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?”

“சோறு எங்கேன்னு மருமவகிட்ட கேக்கறதாக்கும்! நீ வந்ததும் வராததுமா அடுப்படில நின்னுட்டிருக்கற. நாந்தான் பொட்டாட்டம் இருந்துட்டேன் கண்ணு.”

“நானும் உங்களைக் கேட்கல. ஊசி போட்டாச்சான்னு கேட்டா நம்பலைன்னு நினைப்பீங்களோன்னுதான் மாமா.”

இவர் மரியாதைக்காகக் கேட்கவில்லை, அவள் மரியாதைக்காகக் கேட்கவில்லை. நானோ எல்லாம் தெரிந்தவள், அதனால் கேட்கவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்களே, அதோடு நோட்டில் எழுதியிருப்பதும் பொய் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டில் இரண்டு பேரும் உண்மையைத்தான் எழுதியிருந்தார்கள். யாருடைய மணி என்று எழுதச் சொல்லாதது நான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றே வேறு டாக்டர் கூப்பிட்டார், மாத்திரை நின்றது. மறுநாள் என் ரிப்போர்ட்டில் அந்த வரிகள் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் ‘நன்றாகக் கண்டுபிடித்தாய்’ என்றார். கண்டுபிடிக்கவில்லை, கெடுத்ததைச் சரிசெய்தேன் என்றேன். வாட்ச்சை மாற்ற அங்கிள் ஒத்துக்கொள்ளவே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். ‘குக்கரில் முதல் விசில் வந்தால் ஊசி.’ குக்கருக்குக் கோடையும் கிடையாது, குளிரும் கிடையாது. ஏப்ரல் வரை அப்படியே ஓடியது. உங்கள் நோயாளி உங்கள் கடிகாரத்துக்கு வரமாட்டார் என்றால் அவரோடு சண்டை போடாதீர்கள். இரண்டு பேருக்கும் கேட்கிற ஒரு சத்தத்தைத் தேடுங்கள்.

ஆனால் அந்த வியாழக்கிழமை மாலையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.

எட்டு மணிக்குச் செந்தில் வந்தார். விஷயத்தைக் கேட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கவிதா அவசரமாக ஒரு ரசம் வைத்து, எல்லாரையும் உட்காரவைத்தாள், என்னையும் சேர்த்துத்தான். அங்கிள் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மகனைக் கேட்டார்.

“அப்ப ஞாயித்துக்கெழமை நான் போகோணுமாப்பா?”

அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. மத்தியானம் கவிதா என்னோடு போனில் பேசியது காதில் விழுந்து, மனிதர் அப்போதே பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார்.

“எனக்கே தெரியுமுங் அம்மிணி” என்று என் பக்கம் திரும்பினார். “பொழுதுசாஞ்சா மண்டைக்குள்ள என்னமோ ஆயிருது. எங்கப்பாவும் கடேசில இப்படித்தான் ஆனாரு. நானும் அந்த வழிக்குப் போறேன்னு நெனச்சேன். ராவெல்லாம் அதே வெசனம். புள்ளைககிட்ட எப்படிச் சொல்றது? நெசமாச் சொல்லுங்க. எனக்குப் புத்தி பிசகலீங்களா?”

“இல்ல அங்கிள். பசி. அவ்வளவுதான்.”

“பசியா?” என்றார். மறுபடி ஒருமுறை, “வெறும் பசியா?” என்றார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். செந்தில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “எங்கயும் போக வேண்டாம்ப்பா” என்றார். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தட்டைக் கவிதா பக்கமாக நகர்த்தினார்.

“கண்ணு, இன்னுங் கொஞ்சம் சோறு வையி” என்றார்.